காத்திருந்த ரத்தம்

அந்த ஆய்வகத்தில் ‘நார்மல்’ என்று சீட்டு ஒட்டிய குழாய்களில் எல்லாம் பம்பரத்தின் ரத்தம்தான் இருந்தது. வேறு எந்த விஷயத்திலும் அவளை யாரும் நார்மல் என்று சொன்னதில்லை.

பம்பரம் என்பது ஆய்வகத்தார் வைத்த பெயர். வயது நாற்பத்து மூன்று. அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் கையுறைப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் பத்து நிமிடம் ஓடவேண்டும் என்றால், அந்தப் பத்து நிமிடத்தில் மேசையைத் துடைப்பாள், குப்பைப் பையை மாற்றுவாள், குளிர்பெட்டியில் உள்ள மருந்துகளின் காலாவதித் தேதியைப் பார்ப்பாள், நேற்றே பார்த்தாயிற்று என்பது நினைவுக்கு வந்து இன்னொரு முறை பார்ப்பாள். இயந்திரம் நிற்கும் முன்பே அதன் மூடியில் கைவைத்துக்கொண்டு நிற்பாள்.

“அதுக்கு அவசரம் தெரியாதும்மா, மெஷினு,” என்பார் பெரிய டாக்டர்.

“தெரிஞ்சா நல்லது சார்,” என்பாள்.

பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கச் சொல்வது மற்றப் பிள்ளைகளுக்குத் தண்டனை, அவளுக்கு விடுதலை. இதைக் கண்டுபிடித்த ஆசிரியை அவளை உட்காரச் சொல்லித் தண்டித்தார். பட்டம் வாங்கியதும் ஒரு நூலகத்தில் வேலை கிடைத்தது. வாசகர்கள் படித்துக்கொண்டிருந்த புத்தகங்களை, அவர்கள் கொஞ்சம் கண்ணை எடுத்த நேரத்தில், எடுத்து அலமாரியில் அடுக்கிவிடுவாள். எட்டு மாதங்களுக்குப் பிறகு நூலகர் அவளைக் கூப்பிட்டு, உன் சுறுசுறுப்புக்கு இந்த இடம் பத்தாது என்று மரியாதையாகச் சொன்னார். பிறகு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை. அதற்குப் பிறகு இந்த ஆய்வகம், பதினோரு வருடங்களாக.

கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் கதவிடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே வேலை செய்து பழகியவர். எதற்கும் பதற மாட்டார். மனைவியின் ஓட்டத்தைக் கல்யாணமான புதிதில் அன்பு என்று நினைத்தார். பிறகு ஏதோ வியாதி என்று நினைத்தார். இப்போது வீட்டுக்குக் காற்றோட்டம் என்று நினைக்கிறார்.

ஆய்வகத்தில் மரபணுச் சோதனைகள் செய்தார்கள். அதிலும் எட்டு மாதங்களாக ஆர்.என்.ஏ. சோதனை என்று ஒன்று புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பம்பரத்தின் கையில்தான் கொடுத்தார் பெரிய டாக்டர். காரணம் இருந்தது. ஆர்.என்.ஏ. தொட்டாற்சிணுங்கி. மனிதத் தோலில் சும்மா இருக்கும் ஒரு பொருள் பட்டாலே சிதைந்துபோகும். மேசையில் ஒரு விரல் ரேகை போதும், அன்றைய வேலை பாழ். பம்பரத்தின் மேசையில் தூசிக்கே உட்கார நேரம் கிடைக்காது.

அந்த ஆர்.என்.ஏ. என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரபணு என்பது செல்லின் பெரிய பதிவேட்டில் ஒரு பக்கம். அதில் உள்ளபடி ஒரு புரதம் செய்யவேண்டுமென்றால் செல் முதலில் அந்தப் பக்கத்தை நகலெடுக்கும். நகலுக்குப் பெயர்தான் ஆர்.என்.ஏ. இதுவரை பள்ளிப் பாடத்தில் உண்டு. அந்த நகலில் பெரும்பகுதி வளவளப்பு என்பதைப் பாடம் மெல்ல முழுங்கிவிடும். நான்கு வரி உத்தரவு, பிறகு நாற்பது வரி சம்பந்தமில்லாத பேச்சு, மறுபடி மூன்று வரி உத்தரவு, மறுபடி பேச்சு. இந்தப் பேச்சுக்கு இன்ட்ரான் என்று பெயர். செல் பேச்சை எல்லாம் வெட்டி எறிந்து, உத்தரவு வரிகளை ஒன்றோடொன்று ஒட்டி, அதன் பிறகுதான் வெளியே அனுப்பும். இந்த வெட்டி ஒட்டும் வேலைக்கு ஸ்ப்ளைசிங் என்கிறார்கள்.

முதலிலேயே சுருக்கமாக எழுதினால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். எழுதுகிறவனைவிட, எழுதியதை எங்கே வெட்டலாம் என்று முடிவு செய்கிறவனிடம்தான் அதிகாரம் இருக்கிறது. ஒரே நகலை ஒரு விதமாக வெட்டினால் தசைக்கு ஒரு புரதம், வேறு விதமாக வெட்டினால் மூளைக்கு வேறொரு புரதம். பதிவேட்டில் ஓர் எழுத்தும் மாறவேண்டியதில்லை.

வெட்டவேண்டிய இடம் சரியாக வெட்டப்பட்டதா என்று பார்ப்பதுதான் பம்பரத்தின் புதிய வேலை.

பேருந்து ஓட்டுநர் ஒருவரின் ரத்தம் இந்த வேலைக்காக வந்து சேர்ந்தது. வெளியூர்க்காரர், முப்பத்தாறு வயது, நெடுந்தூர வண்டி ஓட்டுபவர். ஐந்து மாதங்களுக்கு முன் அவருடைய அண்ணன் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயது. அறுத்துப் பார்த்ததில் இதயம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே நின்றுபோகும் இதயங்களுக்குச் சில மரபணுக்கள் காரணமாவது உண்டு. தேடினார்கள். ஒரு மரபணுவில், இன்ட்ரானின் ஓரத்தில், ஓர் எழுத்து மாறியிருந்தது. தம்பியிடம் பார்த்தார்கள். அங்கேயும் அதே எழுத்து அதே மாதிரி மாறியிருந்தது.

முதல் அறிக்கையில், இந்த மாற்றத்தின் விளைவு தெளிவாகத் தெரியவில்லை என்று எழுதி அனுப்பினார்கள். பணிமனையில் அதைப் படித்தவர்களுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. டிரைவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, வண்டிகள் வந்து போகும் நேரத்தை எழுதும் மேசையில் உட்கார வைத்தார்கள். ஓட்டுநர்களின் உடல்தகுதியைப் பார்க்கும் மருத்துவக் குழு ஒரே கேள்வியை அனுப்பியது: அந்த எழுத்து வெட்டும் இடத்தைக் கெடுக்கிறதா, இல்லையா? கெடுக்கிறது என்றால் அவர் இந்த ஜன்மத்தில் இனி ஒரு வண்டியும் ஓட்டமுடியாது.

பம்பரம் சோதனையைச் செய்தாள். ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, குறிப்பிட்ட அந்தத் துண்டைப் பெருக்கி, ஜெல்லி மாதிரியான ஒரு பலகையில் மின்சாரம் விட்டு ஓடவிடுவார்கள். குட்டைத் துண்டு வேகமாக ஓடிக் கீழே போய்விடும். நீளத் துண்டு மூச்சுவாங்கி மேலேயே நிற்கும். விளக்கொளியில் வைத்தால் ஒவ்வொருவர் ரத்தமும் ஓடிய தடத்தில் கோடு கோடாகத் தெரியும். சரியாக வெட்டப்பட்ட செய்தி குட்டை, ஆகவே கீழ்க்கோடு. இன்ட்ரான் வெட்டப்படாமல் தங்கிவிட்ட செய்தி நீளம், ஆகவே மேல்கோடு.

ஒப்பிடுவதற்காக ஓட்டிய பம்பரத்தின் நார்மல் தடத்தில் கீழ்க்கோடு மட்டும் இருந்தது. டிரைவரின் தடத்தில் கீழே ஒன்று, மேலே ஒன்று.

வேறு யாராவது பார்த்திருந்தால் நோயைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். பம்பரம் அழுக்கைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தாள். ஏனென்றால் ஆர்.என்.ஏ.வோடு கொஞ்சம் டி.என்.ஏ. கலந்துவிட்டாலும் அதே உயரத்தில், அதே மாதிரி ஒரு கோடு விழும். டி.என்.ஏ. என்பது வெட்டப்படாத மூலப் பதிவேடு அல்லவா? அதில் பேச்சு எல்லாம் அப்படியேதான் இருக்கும். பதினோரு வருடங்களில் தன் மேசையில் கலப்படம் நடந்ததில்லை என்பது அவள் பெருமை. முகம் சிவந்துவிட்டது. டி.என்.ஏ.வைத் தின்னும் மருந்தை ஊற்றி மறுபடி செய்தாள். மேல்கோடு நின்றது. இரண்டு மடங்கு ஊற்றிச் செய்தாள். நின்றது. கடைசியில், ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் மருந்தை மட்டும் போடாமல் ஒரு தடம் ஓட்டினாள். அந்த மருந்து இல்லாவிட்டால் ஆர்.என்.ஏ. பெருகாது, டி.என்.ஏ. மட்டும்தான் பெருகும்; அழுக்கு என்றால் அதிலும் கோடு தெரியவேண்டும். ஒன்றுமே தெரியவில்லை. வெறும் இருட்டு.

கோடு அழுக்கல்ல. உண்மையான செய்தி, வெட்டப்படாத செய்தி.

அவள் கை சுத்தம் என்று நிரூபணமான அதே நிமிடம் டிரைவரின் ரத்தம் குற்றவாளி ஆயிற்று. பம்பரம் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு, எதற்கு நிம்மதி என்று யோசித்து, குளிர்பெட்டியைத் திறந்து காலாவதித் தேதிகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பெரிய டாக்டர் படத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், படித்தவர்; முடிவு தெரிந்த காகிதத்தில் கையெழுத்துப் போடுவது அவருக்குப் பிடித்த காரியம். “கச்சிதமா இருக்கும்மா,” என்றார். “வெள்ளிக்கிழமை அனுப்பிடலாம்.”

திங்கட்கிழமை காலை ஆய்வகத்துக்குத் தொலைபேசி வந்தது. எடுத்தது பம்பரம். மணி அடிக்கும் தொலைபேசியைத் தாண்டிப் போவது அவளால் முடியாத காரியம்.

“மேடம், நான்தான் அந்த பஸ் டிரைவர். ரிப்போர்ட் என்ன ஆச்சுன்னு கேக்கலாம்னு.”

“வெள்ளிக்கிழமை வரும்ங்க. ஃபோன்ல சொல்லக்கூடாது.”

“சொல்லவேணாம். உங்க குரலே சொல்லிடுச்சு.” பின்னால் பேருந்துகள் இரைந்தன. “மேடம், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப டைம் எழுதற வேலைல இருக்கேன். எதைப் பாத்தாலும் டைம்தான் தோணுது. என் ரத்தம் இங்கேருந்து எத்தனை மணிக்குக் கிளம்புச்சு, அங்க எத்தனை மணிக்கு வந்துச்சு?”

பம்பரம் பதிவேட்டைப் புரட்டினாள். “எடுத்தது காலைல ஒன்பது. நாங்க தொட்டது மறுநாள் பதினொண்ணு. இருபத்தாறு மணி நேரம். நாற்பத்தெட்டு வரைக்கும் பரவாயில்லை. ரூல் இருக்கு.”

“சரி. யாரோடயோ ஒப்பிட்டுப் பாப்பீங்களாமே. அது யாரு?”

“நான்தாங்க. நார்மல்.”

“உங்க ரத்தம் எவ்வளவு தூரம் வந்துச்சு?”

பம்பரம் சிரித்துவிட்டாள். “பத்தடி. பக்கத்து ரூம்ல எடுத்து இங்க கொண்டு வருவேன். எட்டு நிமிஷம் ஆகும். சில நாள் ஆறு.”

“அதெப்படி மேடம்,” என்றார் டிரைவர். கோபமில்லாத, கணக்குக் கேட்கிற குரல். “ராத்திரி பூரா ஓடி வந்த வண்டியையும், ஷெட்டுலேருந்து இப்பத்தான் கழுவி எடுத்த வண்டியையும் பக்கத்துல நிறுத்திவெச்சு, இந்த வண்டில மட்டும் ஏன் சேறுன்னு கேட்டா, டிரைவர் என்ன சொல்லுவான்?”

பம்பரம் அரை நிமிடம் அசையாமல் நின்றாள். அந்த வழியாகப் போன வரவேற்பு மேசைப் பெண், அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று நின்று பார்த்தாள்.

பெரிய டாக்டரின் அறைக்கதவைத் தட்டாமலே திறந்தாள். “சார், அந்த டிரைவர் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டாச்சா?”

“பேனாவைத் திறந்திருக்கேன்.”

“மூடிடுங்க.”

சொன்னாள். டிரைவரின் வண்டிக் கணக்கை டாக்டர் கேட்டுக்கொண்டார். “நாற்பத்தெட்டு மணி நேரம்னு விதி இருக்கேம்மா.”

“அது டி.என்.ஏ.வுக்கு எழுதினது சார். அது கல்லு மாதிரி, ரெண்டு நாள் என்ன, ரெண்டு வாரம் கிடக்கும். ஆர்.என்.ஏ. டெஸ்ட் ஆரம்பிச்சப்ப யாரும் அந்தக் காகிதத்தை மாத்தலை.”

“யார் எழுதினது அது?”

“நீங்கதான்.”

டாக்டர் பேனாவை மூடினார். பிறகு, தவறைப் படித்தவர்கள் ஒப்புக்கொள்ளும் முறைப்படி, அதன் அறிவியலை விளக்க ஆரம்பித்தார். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் குழாய்க்குள் போனதும் செத்துவிடுவதில்லை. குளிர்கிறது, குலுங்குகிறது, சாப்பாடு குறைகிறது. அதற்கேற்றபடி எந்த மரபணுவின் குரலைக் கூட்டலாம், எதைத் தணிக்கலாம் என்று வேலை பார்த்துக்கொண்டே இருக்கின்றன. தணிக்கிற வழிகளில் ஒன்று, வெட்டாமல் நிறுத்தி வைப்பது. நகல் எழுதியாயிற்று, ஆனால் இன்ட்ரானை வெட்டவில்லை. வெட்டாத நகல் பெரும்பாலும் செல்லின் உட்கருவை விட்டு வெளியே போகாது. போனாலும் கிழித்து எறியப்படும். புரதம் குறையும். உத்தரவை ரத்து செய்யவும் இல்லை, அனுப்பவும் இல்லை.

“பரிசீலனையில் இருக்குன்னு சொல்ற மாதிரி,” என்றாள் பம்பரம்.

“அதேதான். நோய் இல்லாத செல்லும் செய்யும். சில செல்லுக்கு அதுவே பழக்கம். ஆனா இந்த மரபணுவுல, இவ்வளவு நேரத்துல அப்படி ஆகுமான்னு தெரியாது. ஆகாமலும் இருக்கலாம். அப்ப அந்தக் கோடு நிஜமாவே அவரோட எழுத்தாலதான்.”

“பாத்துடலாம் சார்.”

“எப்படி?”

“என் ரத்தத்தையும் இருபத்தாறு மணி நேரம் காக்க வெக்கறேன்.”

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ரத்தம் காத்திருக்கும்மா,” என்றார். “நீ?”

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரத்தம் கொடுத்தாள். குழாயை மேசையில் வைத்தால் சரியாக இருக்காது என்று தோன்றியது. டிரைவரின் ரத்தம் மேசையில் சும்மா இருக்கவில்லையே. கூரியர்காரரைப் பிடித்தாள்.

“இந்த டப்பாவை இன்னிக்குப் பூரா வண்டில வெச்சுக்கிட்டுச் சுத்துங்க. நாளைக்குக் காலைல பத்தரைக்குத் திருப்பிக் குடுங்க.”

“யாருக்குக் குடுக்கணும் அக்கா?”

“எனக்குத்தான்.”

“அனுப்பறது?”

“நான்தான்.”

கூரியர்காரர் விலாசச் சீட்டை இரண்டு முறை படித்தார். “நல்லா சுத்திக் காட்டறேன்,” என்று வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. பதினோரு வருடங்களாக எந்தக் குழாயையும் கண்முன் ஆறவிடாதவள், ஒரு குழாய் வேண்டுமென்றே ஆறட்டும் என்று விட்டுவைத்திருந்தாள். சுவரிலிருந்த விதிக் காகிதத்தைக் கிழித்தாள். பசைத் தடம் தெரிந்தது, சுரண்டினாள், சுவரின் வண்ணம் பெயர்ந்தது. மதியத்துக்குள் கூரியர்காரருக்கு நான்கு முறை பேசினாள். நான்காவது முறை அவர், “ரத்தம் நல்லா இருக்கு அக்கா, உங்களைத்தான் விசாரிச்சுது,” என்று வைத்துவிட்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்த கணவர், உணவு மேசையின் மேல் மிக்சியின் உள்ளுறுப்புகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவற்றைத் திரும்ப மாட்ட ஆரம்பித்தார். அவள் கதை முழுவதையும் நடந்துகொண்டே சொன்னாள்.

“லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட நான் ஒண்ணுதான் சொல்லுவேன்,” என்றார் அவர். “பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்காதீங்கன்னு.”

“அமுக்கலைன்னா சீக்கிரம் வருமா?”

“வராது. எனக்குத் தலைவலி வராது.”

அவள் நின்றாள். “ஒருவேளை என் ரத்தத்துல கோடு வரலைன்னா? அந்த ஆளு டைம் எழுதிக்கிட்டே கிடக்கணும். வந்துச்சுன்னா, எட்டு மாசமா வெளியூர்லேருந்து வந்த ரத்தத்துல எல்லாம் என்ன பாத்தேன்னு திரும்பப் பாக்கணும்.”

“எத்தனை?”

“பதினாலு.”

“அதையும் நீதான் பண்ணப்போறே. அப்புறம் என்ன, உனக்குக் கொண்டாட்டம்தானே?” என்றார். அவளுக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை.

புதன்கிழமை பத்தரைக்கு டப்பா வந்தது. பதினொரு மணிக்குக் குழாயைத் திறந்தாள். கூடவே அப்போதுதான் எடுத்த தன்னுடைய புது ரத்தம் ஒரு குழாய். மாலை நான்கு மணிக்கு விளக்கொளியில் ஜெல் பலகையை வைத்தாள். புது ரத்தத்தில் கீழ்க்கோடு மட்டும். ஊர் சுற்றிய ரத்தத்தில் கீழே ஒன்று, மேலே ஒன்று. டிரைவரின் படத்தைப் பக்கத்தில் வைத்தால் அச்சு அசல் அதேதான்.

தன் ரத்தத்தில் நோய்க்கோடு தெரிந்ததற்காகக் கை தட்டியவர்கள் மருத்துவ உலகில் அதிகம் இருக்கமாட்டார்கள்.

“இதனால அவர் எழுத்து நல்லதுன்னு ஆகாது,” என்று டாக்டர் உடனே தண்ணீர் ஊற்றினார். “அந்தக் கோடு சாட்சி இல்லைன்னுதான் ஆகுது. அவரை நேர்ல வரச்சொல்லு. ஷெட்டுலேருந்து எடுத்த வண்டி மாதிரி எடுத்துப் பாக்கணும்.”

வியாழக்கிழமை காலை டிரைவர் வந்தார். பயணி இருக்கையில் உட்கார்ந்து வந்ததில் முதுகு வலி என்றார். கூட அவருடைய அண்ணி வந்திருந்தாள், இறந்துபோனவரின் மனைவி. ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமல் பார்த்தால் எழுத்தைப் பார்க்கிறாள், கழற்றிவிட்டுப் பார்த்தால் ஆளைப் பார்க்கிறாள் என்று அர்த்தம். பம்பரத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

பம்பரம் டிரைவரின் கையில் ஊசியைக் குத்தி, குழாயோடு ஓடி, ஆறாவது நிமிடத்தில் வேலையைத் தொடங்கினாள். முதல் இயந்திரம் ஓடும் நேரத்தில் தாழ்வாரத்துக்கு வந்தாள். டிரைவர் டீ வாங்கப் போயிருந்தார்.

“மாத்திச் சொல்லப் போறீங்களாமே,” என்றாள் அண்ணி.

“இன்னும் ஒண்ணும் சொல்லலைம்மா. பாத்துட்டிருக்கோம்.”

“இருபது வருஷமா பிழை திருத்தறேன். ஓர் எழுத்து மாறினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அந்த எழுத்து என் வீட்டுக்காரருக்கும் மாறியிருந்துச்சு. அவரு போயிட்டாரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“அந்த எழுத்து இருக்கற இடம் அப்படிம்மா. வெட்டித் தூக்கி எறியப்போற பகுதில இருக்கு. சரியா வெட்டுப்பட்டுச்சுன்னா, அந்தப் பிழையும் சேர்ந்து போயிடும். அச்சுக்கே வராது.”

“அச்சுக்கு வராத பக்கத்துலயும் நான் பிழையை விட்டதில்லை,” என்றாள் அண்ணி. பிறகு குரல் தாழ்ந்தது. “எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, ஒன்பது வயசு. படி ஏறும்போது நான் பின்னாடியே ஏறறேன். இந்த எழுத்துதான்னு சொல்லிட்டீங்கன்னா, அவளுக்கு இருக்கா இல்லையான்னு பாத்து, ஒண்ணு பயந்துக்குவேன், இல்ல விட்டுடுவேன். இது இல்லைன்னா நான் எதைப் பாத்துப் பயப்படறது?”

பம்பரத்தின் கை சுவரோரத்து நாற்காலிகளை நேராக நகர்த்திக்கொண்டிருந்தது. உள்ளே இயந்திரம் நின்ற சத்தம் கேட்டது. முதல்முறையாக, அது நின்ற பிறகுதான் அதனிடம் போனாள்.

டீயோடு வந்த டிரைவர் இரண்டு குவளைகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “அண்ணி, நான் ஓட்டக் கூடாதுன்னு நீங்க நெனக்கிறீங்களா?”

“நீ நல்லா இருக்கணும்னுதான் தம்பி நெனக்கிறேன். வண்டி எவன் வேணா ஓட்டட்டும்.”

“வண்டி ஓட்டாம நான் நல்லா இருக்கற மாதிரியா இருக்கேன்?”

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

அன்று மாலையே தெரிந்துவிட்டது, டிரைவரின் புது ரத்தத்தில் கீழ்க்கோடு மட்டும்தான். அறிக்கைக்கு இன்னும் இரண்டு நாள் ஆனது. கீழ்க்கோடு மட்டும் இருப்பது போதாது. ஒவ்வொரு மரபணுவும் ஒருவரிடம் இரண்டு பிரதியாக இருக்கும்; அப்பா வழிப் பிரதி, அம்மா வழிப் பிரதி இரண்டும் அந்தக் கோட்டில் சமமாக இருக்கின்றனவா, இல்லை எழுத்து மாறிய பிரதி சத்தமில்லாமல் கிழிக்கப்பட்டு நல்ல பிரதி மட்டும் தெரிகிறதா என்று டாக்டர் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். இரண்டும் சமமாகவே இருந்தன. சனிக்கிழமை இருவரையும் அழைத்தார்.

மேசையில் படம் இருந்தது. பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் ஒவ்வொரு கோடு, ஒரே உயரத்தில்.

“உங்க எழுத்து வெட்டற இடத்தைக் கெடுக்கலை,” என்றார் டாக்டர். “அப்படித்தான் எழுதியிருக்கேன். ஆனா இது ரத்தத்துல பாத்தது. இதயத்துக்குள்ள போய்ப் பாக்கலை. அதனால வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கணும், ஈ.சி.ஜி. எடுக்கணும். அதையும் எழுதியிருக்கேன்.”

“அப்போ நான் ஓட்டலாமா டாக்டர்?”

“அதைக் குழு சொல்லணும். அவங்க கேட்ட கேள்விக்கு, கெடுக்கலைன்னு பதில் போகுது.”

டிரைவர் படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “மேடம், இதுல எது நான்?”

பம்பரம் எட்டிப் பார்த்தாள். சொல்ல முடியவில்லை. கீழே ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டுத்தான், “இடது பக்கம் நீங்க. வலது பக்கம் நான்,” என்றாள். டிரைவர் சிரித்தார். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அண்ணி படத்தை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியோடு பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். “இதுல என் வீட்டுக்காரர் எங்க?”

“அவரு இதுல இல்லைம்மா,” என்றாள் பம்பரம். “அவரோடதுல டி.என்.ஏ. மட்டும்தான் பத்திரமா இருக்கு. ஆர்.என்.ஏ. அன்னிக்கே போயிடும்.”

டிரைவர் அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுபடி எடுத்துப் பிரித்து, மடிப்பு விழாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அந்த டி.என்.ஏ.ல வேற இடத்துல தேட முடியுமா?” என்று அண்ணி டாக்டரைக் கேட்டாள்.

“முடியும். இதுவரைக்கும் கொஞ்சம் மரபணுதான் பாத்திருக்கு. முழுசாப் பாக்கணும். கிடைக்கும்னு உறுதி இல்லை. கிடைச்சாலும், இதே மாதிரி என்னன்னு தெரியாத எழுத்து நூறு கிடைக்கும். ஒவ்வொண்ணா விசாரிக்கணும்.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“மூணு மாசம்.”

அண்ணி தலையை ஆட்டினாள். படிவத்தை வாங்கி, பேனாவைத் திறந்து, மேலே அச்சடித்திருந்த வரியில் இருந்த ஒரு பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

“மூணு மாசமா சார்?” என்றது பம்பரம்தான்.